வட்டுக்கோட்டையின் முப்பத்திரண்டு ஆண்டுகள்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கல்வி நிறுவனம் ஒன்றின் வரலாற்றை எடுத்துப் பேசும்படி என்னைப் பணித்தீர்கள். பெரிய பல்கலைக்கழகங்களைப் பற்றிப் பேசப் பலர் இருக்கிறார்கள். நான் ஒரு சிறு கல்லூரியை எடுத்துக்கொள்கிறேன். யாழ்ப்பாண நகரிலிருந்து ஏழு மைல் தொலைவில், பனைகளும் வயல்களும் சூழ்ந்த வட்டுக்கோட்டை என்ற ஊரில், 1823 முதல் 1855 வரை நடந்த செமினரி அது. அமெரிக்க மிஷனுக்குச் சொந்தமானது. முப்பத்திரண்டு ஆண்டுகளில் அங்கே சேர்ந்து படித்தவர்கள் மொத்தம் எழுநூறு பேருக்குள்தான்.

அந்த எழுநூறு பேருக்குள் யார் யார் இருந்தார்கள் என்று பாருங்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இரண்டு பி.ஏ. பட்டதாரிகளும் வட்டுக்கோட்டை மாணவர்கள். கலித்தொகையை முதன்முதலில் அச்சில் கொண்டுவந்தவர் அங்கே படித்தவர். இலங்கையின் முதல் தமிழ்ப் பத்திரிகையின் ஆசிரியர்கள் அங்கே படித்தவர்கள். தமிழில் தருக்க நூலும் இயற்கணித நூலும் எழுதி அச்சிட்டவர்கள் அங்கே படித்தவர்கள். சிவஞானபோதத்தை ஆங்கிலத்தில் பெயர்த்து அமெரிக்க அறிஞர் சபையின் முன் வைத்தவர் அங்கே அதிபராக இருந்தவர். இவ்வளவையும் தந்த கல்லூரியை அதன் சொந்தக்காரர்களே மூடினார்கள். ஏன் மூடினார்கள், அந்த முடிவு சரிதானா என்பதே இன்றைய பேச்சின் மையம். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவர்கள் எழுப்பிய கேள்வி நியாயமானது. அதற்குக் கண்ட விடை தவறானது. அந்தத் தவறுக்கான விலையைத் தமிழ் கொடுத்தது.

அமெரிக்க மிஷனரிமார் யாழ்ப்பாணம் வந்தது 1816இல். பாஸ்டனைத் தலைமையிடமாகக் கொண்ட அமெரிக்க மிஷன் சபை அவர்களை அனுப்பியது. பிரிட்டனுக்கும் அமெரிக்காவுக்கும் நடந்த போர் முடிந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. கல்கத்தாவிலும் பம்பாயிலும் கிழக்கிந்தியக் கம்பெனி அமெரிக்கர்களைச் சந்தேகக் கண்ணோடு பார்த்த காலம். இலங்கை ஆளுநர் பிரவுன்றிக் மட்டும் அவர்களுக்கு இடம் கொடுத்தார். தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் விட்டுப்போன, கூரை இடிந்த தேவாலயங்கள் அவர்களுக்குக் கிடைத்தன. டானியல் பூவரும் எட்வர்ட் வாரனும் தெல்லிப்பழைக்குப் போனார்கள். பெஞ்சமின் மெய்க்ஸும் ஜேம்ஸ் ரிச்சட்ஸும் வட்டுக்கோட்டையில் தங்கினார்கள். வாரன் 1818இல் இறந்தார். பூவரின் மனைவி 1821இலும், ரிச்சட்ஸ் 1822இலும் போய்ச் சேர்ந்தார்கள். இதற்கிடையில் ஆட்சி கைமாறியது. எட்வர்ட் பார்ன்ஸ் என்ற புதிய ஆட்சியாளர், இனி ஒரு அமெரிக்கரும் வரக்கூடாது என்று தடுத்துவிட்டார். அச்சு வேலைக்கென்று வந்து இறங்கியவரையே திருப்பி அனுப்பினார்கள். 1833 வரை அந்தத் தடை நீடித்தது. விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர், துணைக்கு ஆள் வரும் என்ற நம்பிக்கையே இல்லாத நேரத்தில், கல்லூரி தொடங்கத் திட்டமிட்டார்கள்.

1823இல் அவர்கள் அச்சிட்டு வெளியிட்ட திட்ட அறிக்கையை, தமிழ்க் கல்வி வரலாற்றில் அக்கறை உள்ள ஒவ்வொருவரும் படிக்க வேண்டும். தமிழ் இளைஞருக்கும் பிற இளைஞருக்குமான கல்லூரி என்பது அதன் தலைப்பின் பொருள். ஆங்கிலம் கற்பிப்போம், கணிதமும் வானியலும் இயற்பியலும் கற்பிப்போம் என்று சொல்லும் அதே அறிக்கை, தமிழ் இலக்கியத்தை முறையாகப் பயில வைப்பதையும் தன் நோக்கங்களில் ஒன்றாக வைக்கிறது. தமிழில் செய்யுள் மிகுந்திருக்கிறது, ஆனால் உரைநடையில் நூல் எழுதுவோர் அரிதாக இருக்கிறார்கள், அப்படிப்பட்டவர்களை உருவாக்க வேண்டும் என்று அது விரிவாகப் பேசுகிறது. தேர்ந்த சிலருக்குச் சமஸ்கிருதமும் உண்டு. மதம் பரப்ப வந்தவர்கள்தாம், அதில் ஒளிவுமறைவு இல்லை. ஆனாலும் ஆங்கிலக் கல்வியை வலியுறுத்திய மெக்காலேயின் குறிப்புக்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, தமிழையும் ஆங்கிலத்தையும் ஒரே மாணவனின் இரு கைகளிலும் கொடுக்க வேண்டும் என்று ஒரு கிராமத்தில் இருந்துகொண்டு எழுதியிருக்கிறார்கள்.

அரசாங்கம் கல்லூரிப் பட்டயம் தர மறுத்தது. அமெரிக்கர் நடத்தும் ஒன்றுக்குப் பிரிட்டிஷ் குடியேற்ற நாட்டில் அந்தத் தகுதி தரமாட்டோம் என்றார்கள். அதனால் மத்திய பாடசாலை என்ற பெயரில் தொடங்கி, 1827இல் செமினரி என்று மாற்றினார்கள். பூவர் முதல் அதிபர்.

முதல் மாணவர்களைச் சேர்ப்பது எளிதாக இல்லை. சைவக் குடும்பத்துப் பிள்ளைகள் கிறிஸ்தவரின் வளவுக்குள் சமைத்த சோற்றைத் தொட மறுத்தார்கள். அதனால் பக்கத்தில் சைவர் ஒருவரின் காணியில் சமையல் கொட்டில் போடப்பட்டது. பிள்ளைகள் வேலியைக் கடந்துபோய் அங்கே உண்டுவிட்டு வந்து, இங்கே யூக்ளிட்டும் வேதாகமமும் படித்தார்கள். காலப்போக்கில் அந்த வேலி போய்விட்டது. ஆனால் சாதி போகவில்லை. செமினரியில் படித்தவர்களில் மிகப் பெரும்பான்மையினர் வேளாளப் பிள்ளைகள். ஒடுக்கப்பட்ட சாதிகளின் பிள்ளைகளை விடுதிக்குள் சேர்த்தால் மற்றவர்கள் விலகிவிடுவார்கள் என்ற அச்சத்துக்கு மிஷன் நெடுங்காலம் இடம் கொடுத்தது. எல்லா மனிதரும் ஒரே இறைவனின் பிள்ளைகள் என்று போதிக்க வந்தவர்கள் இந்த இடத்தில் தோற்றார்கள். இதை மறைத்துவிட்டு வட்டுக்கோட்டையின் புகழைப் பாடுவது நேர்மை ஆகாது. பிற்காலத்து யாழ்ப்பாணத்தில் படிப்பு யார் கையில் குவிந்தது என்று கேட்பவர்கள், அந்தச் சமையல் கொட்டிலிலிருந்து தொடங்கலாம்.

பிள்ளைகளின் பெயர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் உள்ள ஒரு சபையோ குடும்பமோ ஆண்டுதோறும் சிறு தொகை அனுப்பி ஒரு மாணவனைத் தாங்கும். தாங்குபவர் விரும்பிய பெயர் அந்த மாணவனுக்கு இடப்படும். அப்படித்தான் ஹென்றி மார்ட்டின், சேத் பேசன், நெவின்ஸ், கறோல், ஆர்னல்ட் என்ற பெயர்களை நம் இலக்கிய வரலாறுகளில் காண்கிறோம். சிறுப்பிட்டியில் பிறந்த தாமோதரம்பிள்ளைக்கும் அங்கே அப்படி ஓர் ஆங்கிலப் பெயர் இடப்பட்டது. படிப்புக்காக ஒரு சிறுவன் தன் பெயரையே மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது என்பது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. அவர்களில் பலர் பின்னாளில் அந்தப் பெயரை முன்னே வைத்து, தந்தை வைத்த பெயரைப் பின்னே சேர்த்து இரண்டோடும் வாழ்ந்தார்கள். கறோல் விசுவநாதபிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை என்று நாம் அவர்களை அறிகிறோம்.

செமினரியின் வகுப்பறையில் என்ன நடந்தது என்பதற்கு ஒரே ஒரு நிகழ்ச்சியைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். 1829 மார்ச் மாதத்தில் ஒரு சந்திர கிரகணம். வட்டுக்கோட்டைக்கு அடுத்த ஊர் அராலி. அங்கே விசுவநாத சாஸ்திரியார் என்ற பெரும் பஞ்சாங்கக் கணிதர் இருந்தார். வண்ணைக் குறவஞ்சி, நகுலமலைக் குறவஞ்சி பாடிய புலவரும் அவரே. அவர் கணித்த பஞ்சாங்கத்தில் அந்தக் கிரகணத்தின் விவரங்கள் இருந்தன. பூவர் ஐரோப்பிய முறைப்படி தாமே கணக்கிட்டுப் பார்த்தார். கிரகணம் தொடங்கும் நேரத்தில் கால் மணி அளவுக்கு வித்தியாசம். அது நீடிக்கும் நேரத்திலும், நிலவு மறைபடும் அளவிலும் வித்தியாசம். அதைப் பூவர் முன்கூட்டியே ஊரறியச் சொன்னார். அன்றிரவு எல்லாரும் வானத்தைப் பார்த்தார்கள். பூவரின் கணக்குப்படியே நடந்தது.

மிஷனரிமார் இதைப் பெரிய வெற்றியாக அமெரிக்காவுக்கு எழுதினார்கள். பஞ்சாங்கம் பிழைத்தது, எனவே புராணம் பிழை, எனவே மதம் பிழை என்பது அவர்களின் வாதம். எனக்கு அந்த வாதத்தில் உடன்பாடில்லை. ராகுவும் கேதுவும் விழுங்கும் கதை வேறு, சாஸ்திரியார் செய்த கணக்கு வேறு. தலைமுறை தலைமுறையாக வாய்பாடுகளை மனத்தில் வைத்துக் கணிக்கும் தமிழ் வானியல் மரபில் வந்தவர் அவர். அதே காலத்தில் ஜான் வாரன் என்ற அதிகாரி, புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் தரையில் சோழிகளைப் பரப்பி, ஓர் எழுத்தும் எழுதாமல், நினைவிலிருந்த வாய்பாடுகளைக் கொண்டே 1825ஆம் ஆண்டுச் சந்திர கிரகணத்தைக் கணித்ததைப் பார்த்துத் தம் காலசங்கலிதம் என்ற நூலில் விரிவாகப் பதிவு செய்தார். நூறு ஆண்டுகளுக்கும் மேல் கழித்து, பண்டைய வானியல் வரலாற்றின் பேரறிஞர் ஆட்டோ நியூகெபாவர் அந்தப் பதிவை எடுத்து ஆராய்ந்து, இது எத்தனை பழமையான முறையின் தொடர்ச்சி என்று வியந்து எழுதினார். பல நூற்றாண்டுப் பழைய முறையில், தொலைநோக்கி இல்லாமல், கால் மணி வித்தியாசத்துக்குள் கிரகணத்தைச் சொன்ன சாஸ்திரியார் தோற்றவர் என்று நான் கருதவில்லை. ஆனால் முறையைப் புதுப்பிக்காமல் விட்ட மரபின் குறையை அந்த இரவு காட்டியது என்பதும் உண்மை.

இதன் தொடர்ச்சிதான் முக்கியமானது. பூவருக்குப் பின் அதிபரான ஹென்றி ஹொய்சிங்டன் கேலியோடு நிற்கவில்லை. தமிழ் வானியலைத் தாமே கற்றார். உள்ளமுடையான் என்ற தமிழ்ச் சோதிட நூலை மொழிபெயர்த்து, விளக்கங்களோடு 1848இல் யாழ்ப்பாணத்தில் அச்சிட்டார். பின்னர் சிவஞானபோதம், சிவப்பிரகாசம், தத்துவக் கட்டளை ஆகிய மூன்றையும் ஆங்கிலத்தில் பெயர்த்தார். அமெரிக்க கீழைத்தேய சபையின் ஆய்விதழில் அவை 1850களின் நடுவில் வெளிவந்தன. ஜி.யு. போப் திருவாசகத்தை ஆங்கிலத்தில் தந்தது 1900இல். அதற்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டு முன்பே சைவ சித்தாந்தத்தை மேலைநாட்டாருக்கு ஆங்கிலத்தில் காட்டியவர் வட்டுக்கோட்டை அதிபர். மறுப்பதற்காகவே ஹொய்சிங்டன் படிக்கத் தொடங்கியிருக்கலாம். ஆனால் மறுப்பதற்குக்கூட முழுதாகப் படிக்க வேண்டும் என்ற ஒழுக்கம் அந்தக் கல்லூரியில் இருந்தது.

மாணவர்களும் அதே ஒழுக்கத்தில் வளர்ந்தார்கள். 1841 ஜனவரி 7ஆம் நாள் உதயதாரகை வெளிவந்தது. தமிழிலும் ஆங்கிலத்திலும் மாதம் இருமுறை. ஹென்றி மார்ட்டினும் சேத் பேசனும் ஆசிரியர்கள். இருவருமே செமினரியின் பிள்ளைகள். சமய வாதங்களுக்கும் அதில் இடம் இருந்தது, சைவர்களின் கடிதங்களும் வந்தன. பின்னாளில் அதன் ஆசிரியரான ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை, பாவலர் சரித்திர தீபகம் என்ற தமிழ்ப் புலவர் வரலாற்றை 1886இல் வெளியிட்டார். நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளையின் நியாய இலக்கணம் 1850இல் வந்தது. தருக்கவியலைத் தமிழ் உரைநடையில் முறைப்படி சொன்ன நூல் அது. கறோல் விசுவநாதபிள்ளையின் வீசகணிதம் 1855இல் வந்தது. இயற்கணிதத்தைத் தமிழில் சொல்ல வேண்டுமானால் குறியீட்டையும் சொல்லையும் ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். அதை அவர்கள் எந்த அரசு ஆணையும் கலைச்சொல் குழுவும் இல்லாமல் செய்தார்கள். ஆங்கிலத்தில் கற்றதைத் தமிழில் சொல்லிப் பார்க்கும் பழக்கம் வகுப்பறையிலேயே வந்துவிட்டிருந்தது.

இலங்கையின் குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட், வட்டுக்கோட்டையை நேரில் பார்த்து, ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றோடு ஒப்பத்தக்க நிறுவனம் இது என்று 1850இல் வெளிவந்த தம் நூலில் எழுதினார். பிரிட்டிஷ் அதிகாரி ஒருவர் அமெரிக்கரின் கல்லூரியைப் புகழ வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. அரசு பட்டயம் மறுத்த அதே நிறுவனத்துக்கு அரசின் மூத்த அதிகாரி ஒருவர் தந்த சான்று அது.

உடுவிலில் 1824இல் தொடங்கிய பெண்கள் விடுதிப் பள்ளியைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆசியாவிலேயே மிக முந்திய பெண்கள் விடுதிப் பள்ளிகளில் ஒன்று அது. ஹரியட் வின்சுலோ அம்மையார் தொடங்கினார், பின்னர் எலிசா அக்னியூ நாற்பது ஆண்டு காலம் நடத்தினார். வட்டுக்கோட்டைக்கு அது தங்கைப் பள்ளி. ஆனால் அதன் வரலாறு தனிச் சொற்பொழிவுக்கு உரியது. இங்கே அவசரமாகத் தொட்டுவிட்டுப் போவது அந்தப் பெண்களுக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

இனி, மூடிய கதைக்கு வருகிறேன்.

திருச்சபைக்குச் சொந்தமான கல்லூரிக்கு இரண்டு பயங்கள் எப்போதும் உண்டு. ஒன்று பணம். 1837இல் அமெரிக்காவில் வங்கிகள் நொடித்தபோது, பாஸ்டனிலிருந்து வந்த பணம் பாதியில் நின்றது. யாழ்ப்பாணத்து மிஷன் பள்ளிகள் பல மூடப்பட்டு, ஆயிரக்கணக்கான பிள்ளைகள் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். நியூயார்க் வங்கியின் நெருக்கடிக்கும் சண்டிலிப்பாய்ச் சிறுவனின் அரிச்சுவடிக்கும் தொடர்பு இருந்த காலம் அது. செமினரி சுருங்கியது, ஆனால் பிழைத்தது.

இரண்டாவது பயம் நோக்கம். பாஸ்டனில் சபையின் செயலாளராக இருந்தவர் ரூஃபஸ் ஆண்டர்சன். மிஷன் வரலாற்றில் பெரிய சிந்தனையாளர். உள்நாட்டுச் சபைகள் தம்மைத் தாமே ஆளவும், தாங்கவும், பரப்பவும் வேண்டும் என்ற கொள்கையை வகுத்தவர்களில் அவர் முதன்மையானவர். அவர் கேட்டது இதுதான். மிஷன் பணம் போட்டுப் படிக்க வைக்கிறோம். படித்தவர்கள் ஆங்கிலத்தைக் கற்றுக்கொண்டு கொழும்புக்கும் கண்டிக்கும் சென்னைக்கும் அரசு வேலைக்குப் போகிறார்கள். மலைநாட்டுக் கோப்பித் தோட்டங்களில் கணக்கெழுதப் போகிறார்கள். மிஷன் தரும் சம்பளத்தைப்போலப் பல மடங்கு அங்கே கிடைக்கிறது. பலர் ஞானஸ்நானமே பெறவில்லை. கிராமத்துச் சபைக்கு ஆங்கிலம் தெரிந்த போதகர் எதற்கு? தாய்மொழியில் படித்த, கிராமத்தை விட்டுப் போகாத போதகர்கள் போதுமே?

1854-55இல் ஆண்டர்சனும் அகஸ்டஸ் தாம்சனும் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் நேரில் வந்தார்கள். அகமதுநகரிலும், மதுரைப் பக்கத்தில் பசுமலையிலும், யாழ்ப்பாணத்திலும் ஒரே கொள்கை. பசுமலையில் ஆங்கிலம் நின்றது. வட்டுக்கோட்டையில் செமினரியே நின்றது. 1855இல் கதவு மூடப்பட்டது. அதே ஆண்டு பிப்ரவரியில் டானியல் பூவர் மானிப்பாயில் காலராவில் இறந்திருந்தார். தாம் கட்டியதைத் தம் சபையே மூடுவதைப் பார்க்க அவர் இல்லை.

மூடி இரண்டு ஆண்டுகள் கழிந்தன. 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றியது. அதன் முதல் பி.ஏ. தேர்வில் தேறிய இருவர் கறோல் விசுவநாதபிள்ளையும் சி.வை. தாமோதரம்பிள்ளையும். தமிழகம் முழுவதும் இருந்த கல்லூரிகள் பார்த்துக்கொண்டிருக்க, மூடப்பட்ட கல்லூரியின் பிள்ளைகள் இருவர் அந்தப் பட்டத்தைப் பெற்றார்கள்.

தாமோதரம்பிள்ளை அதற்குப் பின் செய்தது உங்களுக்குத் தெரியும். தொல்காப்பியச் சொல்லதிகாரம் சேனாவரையம் 1868இல், வீரசோழியம் 1881இல், இறையனார் அகப்பொருள் 1883இல், தொல்காப்பியப் பொருளதிகாரம் 1885இல், கலித்தொகை 1887இல். உ.வே.சா. சிந்தாமணியை வெளியிட்டதும் அதே 1887இல். கட்டவிழ்த்தாலே ஒடியும் ஏடுகளைப் பற்றி அவர் பதிப்புரையில் வருந்தி எழுதியதை நம்மில் பலர் மாணவர்களாக இருந்தபோதே படித்திருக்கிறோம். அந்தப் பதிப்புரைகளை இன்னொரு முறை படியுங்கள். நூலின் காலத்தை வாதிட்டு நிறுவுவது, பாடவேறுபாட்டைக் காட்டுவது, எதிர்க்கருத்தை எடுத்து வைத்து மறுப்பது, எல்லாவற்றையும் ஓட்டமான உரைநடையில் சொல்வது. 1823 திட்ட அறிக்கை கேட்ட உரைநடை ஆசிரியர் இவர்தாம். ஆனால் அவர் சைவராகத் திரும்பிவிட்டார். கறோலும் சைவத்துக்குத் திரும்பினார். பாஸ்டன் வைத்திருந்த கணக்குப் புத்தகத்தில் இந்த இருவரும் நட்டக் கணக்கு. தமிழின் கணக்கில் இவர்கள் யார் என்று நான் சொல்லத் தேவையில்லை.

ஆண்டர்சனின் தாய்மொழி வாதத்தை நான் இகழவில்லை. அந்த வாதத்தை உண்மையாகவே வாழ்ந்து காட்டியவர் ஒருவர் உண்டு. மானிப்பாயில் மருத்துவராக இருந்த சாமுவேல் பிஸ்க் கிறீன். 1847இல் வந்தவர், முதலில் ஆங்கிலத்தில்தான் மருத்துவம் கற்பித்தார். படித்தவர்கள் ஊரை விட்டுப் போனார்கள். 1864இல் தமிழ் வகுப்பைத் தொடங்கினார். இரண்டு வகுப்புகளிலுமாக அறுபதுக்கும் மேற்பட்ட மருத்துவர்களை உருவாக்கினார். உடற்கூறு, பிரசவம், அறுவை, வேதியியல், உடலியல் என்று தமிழில் நூல்கள் வந்தன. இரண வைத்தியம், மனுஷ அங்காதிபாதம், வைத்தியாகரம், கெமிஸ்தம் என்ற பெயர்களைக் கேட்டிருப்பீர்கள். கலைச்சொல்லுக்கு முதலில் தமிழில் தேடு, கிடைக்காவிட்டால் வடமொழியில் தேடு, அதுவும் இல்லையென்றால் ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்தில் எழுது என்பது அவருடைய முறை. தம் கல்லறையில் தமிழருக்கான மருத்துவ மிஷனரி என்று எழுதச் சொன்னவர் அவர்.

ஆனால் கிறீனின் தமிழ் நூல்களை அவரோடு உட்கார்ந்து எழுதியவர்கள் யார்? டான்போர்த், சாப்மன் போன்ற தமிழ் மாணவர்கள். இரண்டு மொழியும் கைவந்த, மூடப்படுவதற்கு முந்திய அந்தக் கல்விச் சூழலில் வளர்ந்தவர்கள். கிரேயின் ஆங்கில உடற்கூற்று நூலைத் தமிழாக்க, கிரேயைப் படிக்கத் தெரிந்த தமிழன் வேண்டும். நன்னூலும் யூக்ளிட்டும் ஒரே மேசையில் இருந்தபோதுதான் அப்படிப்பட்டவன் உருவானான். ஆங்கிலத்தை எடுத்துவிட்டால் தமிழ் வளரும் என்று ஆண்டர்சன் நம்பினார். மேசையின் ஒரு காலை எடுத்ததும் மேசையே சாய்ந்தது. செமினரி மூடிய மறு ஆண்டே பழைய மாணவர் ஒருவர் அதே ஊரில் ஆங்கிலப் பள்ளி திறந்தார். ஆங்கிலம் நிற்கவில்லை. செமினரியில் இருந்த தமிழ் மட்டும் நின்றது. அதற்குப் பின் யாழ்ப்பாணத்தில் ஆங்கிலம் வேலைக்கும், தமிழ் வீட்டுக்கும் என்று பிரிந்துபோனது. தமிழில் அறிவியல் எழுதும் தலைமுறை தொடரவில்லை.

ஊர்க் கிறிஸ்தவர்கள் சும்மா இருக்கவில்லை. 1860களின் இறுதியில் கூடிப் பேசி, கல்லூரி வேண்டும் என்று கேட்டார்கள். முன்பு மிஷன் கொடுத்தது, இப்போது ஊர் கேட்டது. 1872 ஜூலையில் அதே வளவில் யாழ்ப்பாணக் கல்லூரி தொடங்கியது. யூரோட்டஸ் ஹேஸ்டிங்ஸ் முதல் தலைவர். கல்கத்தாப் பல்கலைக்கழகத்தோடு இணைந்து பட்ட வகுப்பு வரை உயர்ந்தது. அதன் பிற்கால வரலாற்றை விரிவாகச் சொல்ல நேரமில்லை. இரண்டு பெயர்களை மட்டும் சொல்கிறேன். அங்கே ஆசிரியராக இருந்த ஜே.வி. செல்லையா, யாழ்ப்பாணத்து ஆங்கிலக் கல்வியின் நூறாண்டு வரலாற்றை 1922இல் எழுதினார், பத்துப்பாட்டு முழுவதையும் ஆங்கிலத்தில் பெயர்த்து 1946இல் வெளியிட்டார். அங்கே படித்து அங்கேயே கற்பித்த ஹண்டி பேரின்பநாயகம், 1924இல் தோன்றிய வாலிபர் காங்கிரஸை நடத்தி, 1927இல் காந்தியடிகளை யாழ்ப்பாணத்துக்கு வரவழைத்தார். தாய்மொழியில் கல்வி வேண்டும் என்று வாதாடியவர்களில் அவர் முன்னணியில் இருந்தார். ஆண்டர்சன் பாஸ்டனிலிருந்து ஆணையிட்டுச் செய்ய நினைத்ததை, ஆங்கிலம் நன்றாகப் படித்த தமிழர் ஒருவர் தம் மக்களின் உரிமையாகக் கேட்டார்.

1960இல் அரசு பள்ளிகளை ஏற்றபோது யாழ்ப்பாணக் கல்லூரி அரசிடம் போகாமல் தனித்து நின்றது. 1974இல் யாழ்ப்பாண வளாகம் தொடங்கியபோது, விஞ்ஞான பீடத்துக்கு முதலில் இடம் கொடுத்தது வட்டுக்கோட்டைதான். இன்றைய யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் ஒரு வேர் அந்த வளவில் இருக்கிறது. வேறொரு விழுதும் உண்டு. செமினரியின் பிந்திய அதிபர்களில் ஒருவரான சைரஸ் மில்ஸும் அவர் மனைவி சூசனும் யாழ்ப்பாணத்தை விட்டுப் போய், ஹவாயில் பணிசெய்து, பிறகு கலிபோர்னியாவில் நடத்திய பெண்கள் கல்லூரிதான் மில்ஸ் கல்லூரி. அந்தத் தம்பதியர் கல்லூரி நடத்தக் கற்றுக்கொண்டது வட்டுக்கோட்டையில்.

இனி உங்களிடம் ஒரு வேண்டுகோள். வட்டுக்கோட்டையைப் பற்றி நாம் அறிவதெல்லாம் பெரும்பாலும் மிஷனரிமார் பாஸ்டனுக்கு எழுதிய கடிதங்களிலிருந்து. அவை ஹார்வர்டின் ஹௌட்டன் நூலகத்தில் பத்திரமாக இருக்கின்றன. நம் பக்கத்தில் இருந்தவற்றில் எவ்வளவோ போய்விட்டன. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. போரில் வீடுகளோடு போன புத்தகப் பெட்டிகளுக்குக் கணக்கே இல்லை. எஞ்சியவற்றை இணையத்தில் ஏற்றிவரும் நூலகம் நிறுவனத்தின் பணி நம் நன்றிக்கு உரியது. ஆனால் ஏற்றுவது பாதி வேலை. அவற்றைப் படித்து, ஒப்பிட்டு, குறிப்பெழுதிப் பதிப்பிப்பது நம் துறைகளின் வேலை.

நியாய இலக்கணம், வீசகணிதம், கிறீனின் மருத்துவ நூல்கள் ஆகியவற்றுக்குக் கலைச்சொல் அகராதியோடும் வரலாற்று முன்னுரையோடும் புதிய பதிப்புகள் வேண்டும். தமிழ் மாணவர் ஒருவரும் கணித மாணவர் ஒருவரும் சேர்ந்து உட்கார்ந்தால்தான் வீசகணிதத்தைப் பதிப்பிக்க முடியும். அப்படி இருவரைச் சேர்த்து உட்கார வைக்கும் பொறுப்பைத் துறைத் தலைவர்களிடம் ஒப்படைக்கிறேன். இந்த அறக்கட்டளையின் நிதியிலிருந்து அதற்கென ஓர் உதவித்தொகை ஒதுக்க முடியுமா என்று அறக்கட்டளையை நிறுவிய குடும்பத்தார் எண்ணிப் பார்க்க வேண்டும். முடியுமென்றால் வீசகணிதத்திலிருந்தே தொடங்குங்கள்.